எழுதப்படாத புகார்களை எழுத வைப்போம்

வில்லியனூர், பாகூர் கொம்யூன் தோழர்களே,

நம் ஊரில் ஓர் அக்காவின் கழுத்திலிருந்து தாலிச்செயினை அறுத்துக்கொண்டு பைக்கில் பறந்துவிட்டால், அடுத்த அரைமணி நேரத்தில் அந்த அக்கா யாரைத் தேடுகிறார்? ஸ்டேஷனில் பேசக்கூடிய ஓர் ஆளைத் தேடுகிறார். எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போய்வருகிறவர், கரைவேட்டி கட்டியவர், ஏட்டையாவை 'அண்ணே' என்று கூப்பிடும் அளவுக்குப் பழக்கமுள்ளவர், இல்லாவிட்டால் ஊரே பயப்படுகிற ஒருவர். அப்படி ஒருவர் கூட வந்தால்தான் புகார் மேசை ஏறும் என்று நம் மக்கள் நம்புகிறார்கள். பட்டுப் பட்டு வந்த நம்பிக்கை அது. கூட வருகிறவர் சும்மா வருவதில்லை. இன்று ஸ்டேஷனுக்கு வந்தவர் நாளை ஓட்டுக் கேட்பார். மறுநாள் வேலித் தகராறில் பஞ்சாயத்துப் பேசிக் கமிஷன் எடுப்பார். அதற்கும் மறுநாள் அந்த வீட்டுப் பையனைத் தன் பின்னால் வண்டியில் ஏறச் சொல்வார். நம் கொம்யூன்களில் ரவுடித்தனம் வேர்விடுகிற வழி இதுதான்.

அந்த ஆள் நிற்கிற இடத்தில் நாம் நிற்க வேண்டும். காசு வாங்காமல், சாதி கேட்காமல், கட்சி கேட்காமல் நிற்க வேண்டும். அதற்காகத்தான் உங்களை அழைக்கிறேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் சொல்ல வேண்டாம்.

நாம் வாழ்கிற மண் எப்படி மாறிவிட்டது என்று கண்ணால் பார்க்கிறோம். ஒதியம்பட்டு, அரும்பார்த்தபுரம், சுல்தான்பேட்டைப் பக்கம் வயல்கள் மனைகளாகிவிட்டன. 'நகர்' என்று பெயர் வைத்து நாலு கல் நட்டதும் வீடுகள் வந்துவிடுகின்றன. தெருவிளக்கும் சாக்கடையும் பேருந்தும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. பகலில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய்விடும் வீடுகளைப் பார்த்து வைத்துக்கொண்டு பூட்டை உடைக்கிறார்கள். பாகூர்ப் பக்கம் நெற்களஞ்சியம் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கும் விவசாயியோ காலையில் கொல்லைக்குப் போய்ப் பார்த்தால் பம்புசெட்டுத் தாமிர ஒயர் அறுபட்டுக் கிடக்கிறது. சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் இரவில் மணல் போகிறது. தட்டிக்கேட்டவன் வீட்டு வாசலுக்கு ஆள் வருகிறது.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வரும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கம்பெனி வண்டி கூட்டுரோட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டும். ஒரு பக்கம் கருவேலங்காடு, மறுபக்கம் காலி மனை. மூன்று கம்பத்துக்கு ஒரு விளக்கு எரிகிறது, அதுவும் மினுக்குகிறது. செல்போன் டார்ச்சைக் கீழே பார்த்தபடி பிடித்துக்கொண்டு, துப்பட்டாவால் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு, நான்கைந்து பேராகச் சேர்ந்து வேகமாக நடக்கிறார்கள். கடைசியாகப் பிரிந்து தனியே போகிற பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மற்றவர்களுக்கு மிஸ்டு கால் கொடுக்கிறாள். இந்த ஏற்பாட்டை அவர்களே செய்துகொண்டார்கள். அரசு செய்யவில்லை, கம்பெனி செய்யவில்லை, நாமும் செய்யவில்லை.

குற்றம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கேட்டால் அதிகாரிகள் விகிதத்தைக் காட்டுவார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் அறிக்கையில் ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்கு என்று போடுகிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று ஒவ்வொரு தோழரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மேலே இருப்பது பதிவான வழக்கு. கீழே இருப்பது மதிப்பிட்ட மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதற்கும் 12,47,953 பேர். அந்தப் பழைய கணக்கை வைத்துத்தான் இவ்வளவு காலமும் மதிப்பீடு செய்து வந்திருக்கிறார்கள். வில்லியனூரைச் சுற்றி அதற்குப் பிறகு முளைத்த நகர்கள் எத்தனை! அங்கே குடிவந்தவர்களை எண்ணியவர் யார்? சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கடற்கரைச் சாலையில் வந்து குவிகிற கூட்டத்தில் நடக்கும் குற்றம் மேலே ஏறும். அந்தக் கூட்டம் கீழே மக்கள்தொகையில் சேராது. மக்கள்தொகை சிறியதாக இருப்பதால் கொஞ்சம் வழக்குகள் கூடினாலே விகிதம் எகிறும், குறைந்தாலே இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கொம்யூன்வாரியாகக் கணக்கு வெளியாவதே இல்லை. நகரத்து மிஷன் வீதியும் நம் சோரியாங்குப்பமும் ஒரே வரியில் கரைந்துவிடுகின்றன. நம் ஊர்களில் என்ன நடக்கிறது என்பதை அந்த அறிக்கையிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று இதைவிட முக்கியம். வழக்குப்பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வெவ்வேறு என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. கேரளத்தின் விகிதம் எப்போதும் உயரத்தில் இருக்கும். அங்கே மக்கள் கூடுதல் கெட்டவர்கள் என்றா அர்த்தம்? புகார் கொடுக்கும் பழக்கம் கூடுதல், வாங்கும் பழக்கமும் கூடுதல். ஆகவே எங்கள் பகுதியில் குற்றம் குறைந்துவிட்டது என்று ஓர் அதிகாரி பெருமையாகச் சொன்னால் நாம் கைதட்டக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்க வேண்டும்.

திருப்பி அனுப்புவது எப்படி நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். நடந்ததைச் சொன்னால், "மனு எழுதிக் குடும்மா, பாக்குறோம்" என்பார் ரைட்டர். எதிர்க்கடையில் வெள்ளைத்தாள் வாங்கி வந்து, எழுதத் தெரிந்த யாரையாவது பிடித்து எழுதிக் கொடுத்தால், அது மேசையில் ஒரு பேடுக்கு அடியில் போகும். "அய்யா பந்தோபஸ்துல இருக்காரு, நாளைக்கு வா." நாளை போனால் எதிர்த்தரப்பும் அங்கே உட்கார்ந்திருக்கும். "ஒரே ஊர்க்காரங்க, எதுக்கு கேசு கோர்ட்டுன்னு அலையணும், பேசி முடிச்சுக்குங்க." மூன்றாம் நாள் ஒரு நாள் கூலியை விட்டு மறுபடி போக எவரால் முடியும்? அந்த மனு எந்தக் கணக்கிலும் ஏறாது. அந்தக் குற்றம் நடக்கவே இல்லை என்றாகிவிடும். செய்தவனுக்கு மட்டும் நடந்தது தெரியும், அடுத்தமுறைக்குத் துணிச்சலும் வரும்.

எல்லைப் பிரச்சினை நம்முடைய தனிச்சாபம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வரைபடம் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். தென்பெண்ணையின் அக்கரை தமிழ்நாடு. செயினை அறுத்தவன் ஐந்து நிமிடத்தில் மாநிலம் மாறிவிடுகிறான். அறுபட்ட இடம் எந்த லிமிட் என்று இரண்டு ஸ்டேஷனும் பேசிக்கொண்டிருக்கும்போது, கழுத்தில் ரத்தக்கோட்டோடு அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

தோழர்களே, இதற்கெல்லாம் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு தெளிவாகச் சொன்னது: கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலிருந்து தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், அதிகாரியின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். லிமிட் இல்லை என்று சொல்லித் திருப்ப முடியாது. பூஜ்ய எண் போட்டுப் பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பதிந்த அறிக்கையின் நகலை அங்கேயே இலவசமாகத் தர வேண்டும். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில் முதற்கட்ட விசாரணை வைக்கலாம், ஆனால் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 193ஆம் பிரிவின்படி, விசாரணை எந்த அளவில் இருக்கிறதென்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும். பாலியல் குற்றம், அமிலவீச்சு போன்ற கொடுங்குற்றங்களில் தகவலைப் பதிய மறுத்த அதிகாரிக்கே ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் உண்டு என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 199ஆம் பிரிவு. இவ்வளவும் நம் கையில் இருக்கிறது. மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல ஆள் இல்லாததால் அடைபட்டுக் கிடக்கிறது.

அந்த ஆள் ஏன் இல்லை? கீழூருக்குப் போய் நின்று பாருங்கள். நம் வில்லியனூர் கொம்யூனில்தான் இருக்கிறது அந்த ஊர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் தலைவிதியை அங்கே வைத்துத்தான் முடிவு செய்தார்கள். வாக்களித்தவர்கள் 178 பேர். அவர்கள் யார்? மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் நகரசபை உறுப்பினர்களும். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. கொம்யூன் உறுப்பினர்களின் வாக்கை வைத்துத்தான் இந்த மண் இந்தியாவோடு சேர்ந்தது. அந்தக் கொம்யூன்களுக்கு என்ன ஆயிற்று? 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல், 38 ஆண்டு கழித்து! 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்தது, இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றத்தில் நின்றுபோனது. 1973ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. நாற்காலியில் ஆணையர் இருக்கிறார். வார்டு உறுப்பினர் இல்லை, பஞ்சாயத்துத் தலைவர் இல்லை. விளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? கணவன் அடித்தான் என்று இரவு பதினொரு மணிக்கு ஓடிவருகிற பெண் யார் வாசலில் நிற்பாள்? மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று அரசியல்சாசனம் சொல்கிறது. தேர்தல் நடந்திருந்தால் நம் இரண்டு கொம்யூன்களிலும் ஊருக்கு ஊர் ஒரு பெண் உறுப்பினராவது இருந்திருப்பார். அவர் வாசல் தெரிந்திருக்கும். அந்த வாசலை மூடிவிட்டு, இடைத்தரகன் வாசலைத் திறந்துவிட்டார்கள். பாதுகாப்புக்கான போராட்டமும் உள்ளாட்சித் தேர்தலுக்கான போராட்டமும் நமக்கு ஒன்றுதான்.

இடைத்தரகனும் ரவுடியும் வளர்ந்தால் எதுவரை போகும் என்று வில்லியனூர் பார்த்துவிட்டது. 2023 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில், ஒரு பேக்கரியில், நாட்டு வெடிகுண்டு வீசி ஒரு மனிதரை வெட்டிக் கொன்றார்கள். ஆளும் கூட்டணிக் கட்சி ஒன்றின் நிர்வாகி அவர். வழக்கு என்.ஐ.ஏ. வரை போனது. அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தவருக்கே இதுதான் நிலை என்றால், திருக்காஞ்சியில் மாடு மேய்க்கும் பெரியவருக்கும் குருவிநத்தத்தில் களையெடுக்கும் ஆயாவுக்கும் யார் காப்பு? நாட்டு வெடிகுண்டு செய்யவும் வீசவும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் கிடைக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்து ஒப்பந்தக் கூலியாகத் தொழிற்பேட்டைக்குப் போய், ஆறாம் மாதம் நிறுத்தப்பட்டு, சாராயக்கடை மறைவில் கஞ்சாப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் நம் தெருப் பையன்கள். ஒரு பைக், ஒரு செல்போன், கேட்டவுடன் கிடைக்கிற குடி. அவ்வளவுதான் கூலி.

குடியைப் பற்றிப் பேசாமல் இந்த மண்ணில் பாதுகாப்பைப் பேச முடியாது. சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் ஏலம் விட்டுக் கலால் வருவாயில் ஓடுகிற அரசு நம்முடையது. கடலூர்ப் பக்கத்திலிருந்து முள்ளோடைக்கும் சோரியாங்குப்பத்துக்கும் குடிக்க வருகிற கூட்டத்துக்கு நடுவே நம் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த வழக்கில் புதுச்சேரிக்காரர்களும் கைதானார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். சட்டப்படி விற்கிற கடை இருந்தால் கள்ளச்சாராயம் வராது என்ற வாதம் எத்தனை பொய் என்பதற்கு நாம் வேறு சாட்சி தேட வேண்டாம். பள்ளி, கோயில், பேருந்து நிறுத்தம் பக்கத்துக் கடைகளை முதலில் அகற்று என்று கேட்போம். குடித்த ஆணின் அடியைப் பெண் பொறுத்துப்போக வேண்டும் என்கிற நம் வீட்டுப் பஞ்சாயத்தையும் அதே மூச்சில் நிறுத்துவோம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்துவிட்டது. நம் அமைப்புத் தோழர்கள் வீட்டிலேயே அது நுழையவில்லை என்றால் ஊருக்குள் எப்படி நுழையும்? இதை நேருக்கு நேர் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டை சோலை நகரில் ஒன்பது வயதுக் குழந்தை காணாமல் போனாள். மூன்றாம் நாள், வீட்டுக்கு அருகிலேயே சாக்கடையில் உடல் கிடைத்தது. புதுச்சேரியே தெருவுக்கு வந்தது. நாமும் வந்தோம். கடையடைப்பு நடந்தது, மெழுகுவத்தி ஏற்றினோம். அதற்குப் பிறகு நம் ஊர்களில் என்ன மாற்றினோம்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைக்கு நடந்ததைத் தெரிந்த எவரும் புகார் தந்தே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போகத் தேவையில்லை. சீருடை இல்லாத அதிகாரி, கூடியவரை பெண் அதிகாரி, குழந்தை இருக்கும் இடத்துக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். இது நம் அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியுமா? ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியுமா? மானம் போய்விடும் என்று மூடி மறைத்து, செய்தவனிடம் பணம் வாங்கிக் கொடுத்து முடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. குழந்தைக்கு நடந்ததில் சமாதானம் பேசுகிறவன் குற்றத்துக்குத் துணைபோகிறவன். அவன் நம் மாமனாக இருந்தாலும் அப்படித்தான் நடத்துவோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஊரைக் காக்கிறோம் என்று தடியைத் தூக்கிக்கொண்டு இரவில் சுற்றுகிற வேலை நமக்கு வேண்டவே வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்துப் பிள்ளை பிடிப்பவர் என்று ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் வந்த புரளி அது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிப்பதாகப் பொய்க் காணொளிகள் பரவின. சேதராப்பட்டு லைன் வீடுகளில் தங்கியிருக்கும் ஒடியா, பீகார்ப் பிள்ளைகள் எவ்வளவு பயந்திருப்பார்கள்! ஒரு திருட்டு நடந்தால் முதலில் 'வந்தவனை'ப் பார்ப்பதும், அடுத்து இருளர் குடியிருப்பைப் பார்ப்பதும் நம் ஊர்களின் பழைய நோய். 1993இல் அத்தியூர் இருளர் பெண் ஒருவருக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை மறந்துவிட முடியுமா? குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரும் புதுச்சேரிப் போலீசார். திருட்டு வழக்கில் ஓர் ஆளைத் தேடி எல்லை தாண்டிப் போனவர்கள். விழுப்புரம் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2006இல். மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. ஆகவே கூடுதல் போலீஸ், கூடுதல் அடி என்று நாம் கேட்கவில்லை. எழுத்தில் பதிகிற, பதில் சொல்லக் கடமைப்பட்ட போலீசைக் கேட்கிறோம். இருளர் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் வருகிற புகார் ஊர்த்தெருப் புகாருக்கு முன்னால் எழுதப்பட வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் டி.எஸ்.பி.யே விசாரிக்க வேண்டும் என்று இருப்பதை ஒவ்வொரு வழக்கிலும் கேட்டு வாங்க வேண்டும்.

என்ன செய்யப் போகிறோம்? வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, அவரவர் ஊரில், கோயில் திடலிலோ நூலகத் திண்ணையிலோ உட்காருங்கள். ஊருக்கு ஐந்து பேர் வேண்டும். இரண்டு பேராவது பெண்கள். காலனியிலிருந்து கட்டாயம். ஐந்து பேரின் செல் நம்பரும் ரேஷன் கடை, பால் சொசைட்டி, பேருந்து நிறுத்தம், அங்கன்வாடிச் சுவர்களில் ஒட்டப்பட வேண்டும். கூடவே 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ஆன்லைன் பணமோசடிக்கு 1930, இலவசச் சட்ட உதவிக்கு 15100. மோசடியில் பணம் போனால் அன்றே, அந்த மணியே 1930க்கு அடிக்க வேண்டும். தாமதித்தால் பணம் பத்துக் கணக்கு மாறிவிடும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம் என்பதை வாய்மொழியாக வீடு வீடாகச் சொல்லுங்கள்.

ஐந்து பேரின் வேலை கூடப் போவது. யார் கூப்பிட்டாலும் இரண்டு பேர் ஸ்டேஷனுக்குக் கூடப் போக வேண்டும். அதிகாரியிடம் மரியாதையாகப் பேசுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். அங்கேயும் ஆள் பற்றாக்குறையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற நம் வீட்டுப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். ஆனால் நகல் கைக்கு வராமல் எழுந்து வராதீர்கள். டீக்குக்கூடப் புகார்தாரர் காசு கொடுக்கக் கூடாது. பெட்ரோல் செலவை அமைப்பு பார்த்துக்கொள்ளும். எவராவது பத்து ரூபாய் வாங்கினார் என்று தெரிந்தாலும் அன்றே அவர் பெயரைச் சுவரிலிருந்து கிழித்துவிட வேண்டும்.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். நடந்த தேதி, மணி, இடம், என்ன குற்றம், எந்த ஸ்டேஷன், என்ன பதில், எஃப்.ஐ.ஆர். எண். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவர் பெயரோ வீடோ தெரியும்படி ஒரு வார்த்தை எழுதக் கூடாது, பேசவும் கூடாது. சட்டமும் தடுக்கிறது, மனிதத்தன்மையும் தடுக்கிறது. மூன்று மாதம் இரண்டு கொம்யூன்களிலும் இந்த நோட்டு ஒழுங்காக நிரம்பினால், கொம்யூன்வாரிக் கணக்கு முதன்முதலாக நம் கையில் இருக்கும். அதே சமயம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். நம் பகுதி ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் ஓராண்டில் வந்த மனு எத்தனை, பதிவான வழக்கு எத்தனை, பேசி முடித்ததாக மூடியது எத்தனை என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மக்கள் முன்னால் வாசிப்போம்.

விளக்கு விஷயத்தைச் சிறுபிள்ளைகளிடம் விடலாம். எட்டு, ஒன்பது படிக்கிற பிள்ளைகள் சாயங்காலம் தெருத்தெருவாகப் போய் எரியாத கம்பங்களின் எண்ணைக் குறித்துவரட்டும். பட்டியலோடு கொம்யூன் ஆணையர் அலுவலகத்தில் போய் நிற்போம், ரசீது வாங்குவோம். இரண்டாம் ஷிப்ட் பெண்களை வீட்டுத்தெரு வரை கொண்டுவிடுவது கம்பெனியின் பொறுப்பு என்பதைத் தொழிற்சங்கத் தோழர்கள் கையில் எடுங்கள். அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் போனஸுக்கு அடுத்த கோரிக்கையாக அது இருக்கட்டும்.

பையன்களை யாரும் விட்டுவிடாதீர்கள். போலீஸ் பட்டியலில் பெயர் ஏறிய பையன் என்று ஒதுக்கினால், அவனை அரவணைக்க வேறொருவன் தயாராக இருக்கிறான். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர்ப் பக்க ஊர்கள் மூழ்கியபோது, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கிழவிகளைத் தோளில் தூக்கி வந்தவர்கள் யார்? குட்டிச்சுவரில் உட்கார்ந்து ஊரைக் கெடுக்கிறார்கள் என்று நாம் திட்டுகிற அதே பையன்கள்தான். அன்று அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. ஐந்து பேர் குழுவில் ஓர் இடம் அவர்களுக்கு. கபடிக் குழு, ரத்ததானக் குழு எதுவாக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டுப் பேசுங்கள், இரண்டாம் முறையும் கூப்பிடுங்கள்.

உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்து என்ற கையெழுத்துத் தாள் ஞாயிறு கூட்டத்திலேயே சுற்றிவர வேண்டும். கீழூர் நினைவிடத்திலிருந்து கொம்யூன் அலுவலகம் வரை அந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு நடப்போம். எல்லாக் கட்சிக்காரர்களையும் கூப்பிடுங்கள். வராதவர் யார் என்று மக்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு மாலைக்குக் கொண்டுவர வேண்டியவை: ஒரு நீள நோட்டு, இரண்டு பேனா, 173ஆம் பிரிவின் தமிழ் நகல், உங்கள் தெருவில் இதுவரை எழுதப்படாமல் போன ஒரு புகார். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கேட்டுவிட்டு, முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் புகாரோடு ஸ்டேஷனில் இருக்கிறோம்.